‘விசா வேண்டாம்’ என்றால் கணக்கும் வேண்டாமா? ஐரோப்பாவின் 90/180 நாள் விதி: ஒரு விளக்கம்

பட்டப்படிப்பு முடிந்தது. வேலையில் சேர இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. நண்பர்களோடு பாரிஸ், ரோம், பார்சலோனா, பிராக் என ஒரு நீண்ட சுற்று போகலாம் என்று திட்டம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் கையில் இருக்கிறது, விசா தேவையில்லை. அப்புறம் என்ன கவலை?

விசா தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதற்குக் கண்டிப்பான வரம்பு இருக்கிறது. அந்த நாள்களை எண்ணும் முறை நாம் வழக்கமாக நினைப்பது போல் இல்லை. முன்பு அதிகாரி கடப்பிதழைப் புரட்டி, முத்திரைகளைப் பார்த்து எண்ணினார். இப்போது அந்த வேலையைக் கணினி செய்கிறது. ஒரே ஒரு நாள் கூடினாலும் அது பதிவில் தெரியும்.

விதி என்ன, எப்படி எண்ணுவது, எங்கே தவறு நேர்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஷெங்கன்னா எந்தெந்த நாடுகள்?

1985 ஜூன் 14ஆம் தேதி லக்சம்பர்க்கில் உள்ள ஷெங்கன் என்ற சிற்றூரில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. பிரான்ஸ், அப்போதைய மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லந்து, லக்சம்பர்க் ஆகிய 5 நாடுகள் தங்களுக்கு இடையிலான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாகக் கைவிட ஒப்புக்கொண்டன. அந்த ஊரின் பெயரே வட்டாரத்துக்கும் நிலைத்துவிட்டது.

இன்று ஷெங்கன் வட்டாரத்தில் 29 நாடுகள் இருக்கின்றன. அவற்றில் 25 நாடுகள் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர்கள். சுவிட்சர்லந்து, நார்வே, ஐஸ்லந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உள்ளன. குரோயேஷியா 2023 ஜனவரி 1ஆம் தேதி சேர்ந்தது. பல்கேரியா, ருமேனியா இரண்டும் 2024 மார்ச் இறுதியில் ஆகாய, கடல் வழிகளுக்கும், 2025 ஜனவரி 1 முதல் தரை வழிக்கும் சேர்ந்தன.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அயர்லந்தும் இல்லை. இதை எழுதும்போது சைப்ரசும் சேர்ந்திருக்கவில்லை. ஆகவே, லண்டனில் கழித்த நாள்கள் ஷெங்கன் கணக்கில் வரமாட்டா. பாரிஸில் 10 நாள், ரோமில் 10 நாள், சூரிக்கில் 10 நாள் என்றால், அது 3 நாடுகளுக்கான 3 கணக்கு அல்ல. எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கு, 30 நாள்.

90/180 என்றால் என்ன?

விதியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: எந்த 180 நாள் காலத்தை எடுத்துக்கொண்டாலும், அதில் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் வட்டாரத்தில் இருந்திருக்கக் கூடாது.

இதில் ‘எந்த’ என்ற சொல்தான் முக்கியம். 180 நாள் என்பது ஜனவரி முதல் ஜூன் வரை என்று காலண்டரில் கட்டிப்போட்ட காலம் அல்ல. நீங்கள் முதலில் நுழைந்த நாளில் தொடங்கும் காலமும் அல்ல. அது உங்களோடு சேர்ந்து தினமும் ஒரு நாள் நகர்ந்துகொண்டே இருக்கும்.

நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றைய தேதியையும் சேர்த்து 180 நாள் பின்னோக்கிப் பாருங்கள். அந்தக் காலத்துக்குள் ஷெங்கனில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கூட்டுங்கள். 90 அல்லது அதற்குக் குறைவு என்றால் பிரச்சினை இல்லை. 91 என்றால் வரம்பு மீறல்.

கூட்டும்போது நினைவில் வைக்க வேண்டியவை:

• நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாள்களாகவே எண்ணப்படும். இரவு 11.50க்கு எல்லைச் சோதனையைத் தாண்டினாலும் அது ஒரு நாள்.

• கணக்கு தொடங்குவது முதலில் எல்லைச் சோதனை நடக்கும் இடத்தில். ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, விமானம் மாறி பார்சலோனா போகிறீர்கள் என்றால், ஷெங்கனுக்குள் நுழைவது ஃபிராங்ஃபர்ட்டில்தான்.

• விமானம் புறப்படும் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். வெளியேறும் சோதனையை எந்தத் தேதியில் கடக்கிறீர்கள் என்பதே கணக்கு. நள்ளிரவைத் தாண்டிக் கடந்தால் அடுத்த நாளும் சேர்ந்துவிடும்.

• விமான நிலையத்தின் அனைத்துலக இடைவழிப் பகுதியிலேயே இருந்து அடுத்த விமானம் ஏறினால், அது ஷெங்கனில் தங்கியதாகக் கணக்கில் வராது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

*முதல் கணக்கு: ‘மூணு மாசம்தானே?’*

ஜனவரி 1 முதல் 30 வரை பாரிஸில் இருக்கிறீர்கள். அது 30 நாள். பிறகு சிங்கப்பூர் திரும்பிவிட்டு, மார்ச் 1ஆம் தேதி மறுபடியும் போய் ஏப்ரல் 30 வரை இருக்கிறீர்கள். ‘ஒரு மாசம், அப்புறம் ரெண்டு மாசம். மொத்தம் மூணு மாசம், சரியா வருது’ என்று தோன்றும்.

எண்ணிப் பாருங்கள். மார்ச்சில் 31 நாள், ஏப்ரலில் 30 நாள், மொத்தம் 61. ஜனவரியின் 30 நாளையும் சேர்த்தால் 91. ஏப்ரல் 30இலிருந்து 180 நாள் பின்னோக்கிப் போனால் முந்தைய ஆண்டின் நவம்பர் 2 வரை போகிறது. ஜனவரிப் பயணம் முழுவதும் அதற்குள் அடங்குகிறது. ஆக, நீங்கள் ஏப்ரல் 29ஆம் தேதியே வெளியேறியிருக்க வேண்டும்.

விதி சொல்வது 90 நாள். 3 மாதம் அல்ல. அந்த வேறுபாடுதான் இங்கே ஒரு நாளாக வந்து நிற்கிறது.

*இரண்டாம் கணக்கு: ‘90 நாளையும் ஒரேயடியா முடிச்சிட்டேன். திரும்ப எப்போ போகலாம்?’*

ஜூன் 1ஆம் தேதி நுழைந்து ஆகஸ்ட் 29ஆம் தேதி வெளியேறுகிறீர்கள். ஜூனில் 30, ஜூலையில் 31, ஆகஸ்ட்டில் 29. சரியாக 90 நாள். இனி எப்போது மீண்டும் நுழையலாம்? நவம்பர் 28ஆம் தேதி.

ஏன்? நவம்பர் 27 அன்று பின்னோக்கிப் பார்த்தால் 180 நாள் காலம் ஜூன் 1இல் தொடங்குகிறது. 90 நாளும் உள்ளேயே இருக்கின்றன. அடுத்த நாள் ஜூன் 1 அந்தக் காலத்திலிருந்து நழுவிவிடும். ஒரு நாள் காலியாகும். அந்த இடத்தில் நீங்கள் நுழையலாம். அதற்குப் பிறகு தினமும் பழைய நாள் ஒன்று நழுவும், புதிய நாள் ஒன்று சேரும். இதையே இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: தொடர்ந்து 90 நாள் வெளியே இருந்துவிட்டால், மீண்டும் 90 நாள் வரை தங்கும் தகுதி வந்துவிடும்.

*மூன்றாம் கணக்கு: இடைவெளி விட்டுப் போனால்?*

பல்கலைக்கழக விடுமுறையில் ஜூன் 1 முதல் ஜூலை 10 வரை, 40 நாள் போய் வந்தீர்கள். டிசம்பர் 1ஆம் தேதி மறுபடியும் போகிறீர்கள். அன்று பின்னோக்கிப் பார்த்தால் காலம் ஜூன் 5இல் தொடங்குகிறது. பழைய பயணத்தில் 36 நாள் இன்னும் கணக்கில் இருக்கிறது.

‘அப்போ மிச்சம் 54 நாள்தானே?’ என்றால் அவசரப்பட வேண்டாம். நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் பழைய நாள் ஒன்று கணக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். ஜனவரி 6ஆம் தேதிக்குள் அந்த 36 நாளும் போய்விடும். ஆக, டிசம்பர் 1 முதல் முழுதாக 90 நாள் தங்கலாம். அடுத்த ஆண்டு பிப்ரவரி 28 வரை கணக்கு சரியாக வருகிறது.

மனக்கணக்கு சுற்றி அடிக்கிறதா? ஐரோப்பிய ஆணையத்தின் இணையத்தளத்தில் குறுகியகாலத் தங்குதலுக்கான கணிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பழைய பயணத் தேதிகளைப் போட்டால் எஞ்சிய நாள்களைச் சொல்லும். அது உதவிக் கருவி மட்டுமே. கணிப்பான் சரி என்று காட்டியதால் தங்கும் உரிமை வந்துவிடாது. தேதியைத் தவறாகப் போட்டால் விடையும் தவறாகத்தான் வரும்.

‘லண்டன் போயிட்டு வந்தா கணக்கு புதுசா ஆரம்பிக்குமா?’

ஆரம்பிக்காது. ஜொகூருக்கு அடிக்கடி போய்வரும் நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் தனி அனுமதி, தனிக் கணக்கு. அதே நினைப்பில் ஷெங்கனையும் பார்ப்பதுதான் பலருக்கும் சிக்கலைத் தருகிறது. லண்டனில் ஒரு வாரம் இருந்தால், அந்த வாரம் ஷெங்கன் கணக்கு கூடாமல் நிற்கும். அவ்வளவுதான். முன்பு கழித்த நாள்கள் அழியமாட்டா.

இன்னும் சில தவறான நம்பிக்கைகள்:

‘நாடு மாறினா கணக்கும் மாறும்’: இல்லை. 29 நாடுகளுக்கும் ஒரே கணக்கு. வத்திகனுக்கும் இத்தாலிக்கும் இடையே எல்லைச் சோதனையே இல்லை. அங்கே போய் வந்தாலும் நீங்கள் வெளியேறியதாகப் பதிவாகாது.

‘புதுக் கடப்பிதழ் எடுத்தா பழைய கணக்கு தெரியாது’: விரல்ரேகையும் முகப்படமும் பதிவாகும் காலத்தில் இந்த யோசனை எடுபடாது. விதி உங்கள் கடப்பிதழுக்கு அல்ல, உங்களுக்கு.

‘முதல் நுழைவிலிருந்து 180 நாள் எண்ணணும்னு அண்ணன் சொன்னாரே’: அண்ணன் சொன்னது ஒரு காலத்தில் சரி. பழைய விதி முதல் நுழைவை வைத்தே எண்ணியது. 2013 அக்டோபர் 18 முதல் அது மாறிவிட்டது. பழைய பயணக் கட்டுரைகளில் இன்னும் அந்த விளக்கம் கிடக்கலாம். படிக்கும்போது தேதியைப் பாருங்கள்.

இப்போது ஏன் கூடுதல் கவனம்?

2025 அக்டோபர் 12ஆம் தேதி ஷெங்கன் எல்லைகளில் ‘இஇஎஸ்’ எனப்படும் நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை தொடங்கியது. 2026 ஏப்ரல் 10ஆம் தேதிக்குள் எல்லா எல்லைச் சாவடிகளிலும் முழுமையாக இயங்கும் வகையில் அது படிப்படியாக அறிமுகமாகும்படி திட்டமிடப்பட்டது. கடப்பிதழில் குத்தும் முத்திரைக்குப் பதிலாக மின்னியல் பதிவு வருகிறது.

என்னென்ன பதிவாகும்?

• பெயர், கடப்பிதழ் விவரங்கள்
• முகப்படம், விரல்ரேகைகள்
• நுழைந்த, வெளியேறிய தேதியும் இடமும்
• நுழைவு மறுக்கப்பட்டிருந்தால் அந்த விவரம்

12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் விரல்ரேகை எடுக்கப்படாது, முகப்படம் மட்டுமே. இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் தேவையில்லை, எல்லையிலேயே செய்வார்கள். முதல் முறை பதிவுசெய்யக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகலாம். ஆகவே, ஐரோப்பாவில் விமானம் மாறும்போது இடைவெளியை இறுக்கமாக வைக்காதீர்கள். விரல்ரேகையோ முகப்படமோ தர மறுத்தால் நுழைவு மறுக்கப்படும்.

பதிவு பொதுவாக, கடைசியாக வெளியேறிய நாளிலிருந்து 3 ஆண்டு இருக்கும். வெளியேறியதாகப் பதிவே இல்லையென்றால், அனுமதிக்கப்பட்ட காலம் முடிந்ததிலிருந்து 5 ஆண்டு இருக்கும். வரம்பைத் தாண்டியவர்களை இந்த முறை தானாகவே அடையாளம் காட்டும்.

முன்பு முத்திரை மங்கலாக இருந்தது, பக்கம் ஒட்டிக்கொண்டது என்று தப்பியவர்கள் இருக்கலாம். அந்தக் காலம் முடிகிறது. இதில் நமக்கும் ஒரு நன்மை உண்டு: முத்திரை விடுபட்டதால் வரும் தேவையில்லாத சந்தேகங்கள் குறையும். இருந்தாலும் பயணச்சீட்டு, ஹோட்டல் ரசீது போன்றவற்றைப் பயணம் முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

‘எட்டியாஸ்’ விசாவா?

இல்லை. விசா தேவைப்படாதவர்கள் புறப்படுவதற்கு முன் இணையத்தில் பெற வேண்டிய பயண அனுமதி அது. சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ்கள் வைத்திருப்போருக்கும் அது பொருந்தும். 2026ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் அதைத் தொடங்குவதாக ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது.

கட்டணம் 20 யூரோ. 18 வயதுக்கு உட்பட்டோருக்கும் 70 வயதைத் தாண்டியோருக்கும் கட்டணம் இல்லை, ஆனால் அவர்களும் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி 3 ஆண்டுக்கு அல்லது கடப்பிதழ் காலாவதியாகும்வரை செல்லும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை. இதைப் பெற்றுவிட்டால் 3 ஆண்டு தங்கலாம் என்று அர்த்தம் இல்லை. 90/180 விதி அப்படியே இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதிகாரத்துவத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் வாங்கிவிடக்கூடும். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தட்டாமல், ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘யூரோப்பா’ இணையத்தளத்துக்குள் போய் அங்கிருந்து செல்லுங்கள்.

பிரிட்டன் தனி. சிங்கப்பூரர்கள் அங்கு செல்ல 2025 ஜனவரி 8 முதல் ‘இடிஏ’ என்ற மின்னியல் பயண அனுமதி தேவை. லண்டனையும் பாரிஸையும் ஒரே பயணத்தில் சேர்ப்பவர்கள் இரண்டு நடைமுறைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

எல்லையில் என்ன கேட்கலாம்?

விசா விலக்கு என்பது நுழைவதற்கான உத்தரவாதம் அல்ல. கடைசி முடிவு எல்லை அதிகாரியின் கையில். அவர் பார்க்கக்கூடியவை:

• கடப்பிதழ்: கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் வெளியேறத் திட்டமிட்ட நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும்.
• எதற்காக வருகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்பதற்கான சான்று.
• திரும்பும் பயணச்சீட்டு அல்லது அடுத்த நாட்டுக்கான சீட்டு.
• செலவுக்குப் போதிய பணம். எவ்வளவு போதும் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே வகுத்திருக்கிறது.

உறவினர் வீட்டில் தங்குகிறீர்களா? பாரிஸின் லா ஷப்பேல் பக்கமோ, சுவிட்சர்லந்திலோ, ஜெர்மனியிலோ, நார்வேயிலோ சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ‘மாமா வீட்ல தங்குறேன்’ என்று வாயால் சொன்னால் மட்டும் போதாமல் போகலாம். பிரான்ஸில், உங்களைத் தங்கவைப்பவர் தம் வட்டார நகர மன்றத்தில் விண்ணப்பித்து, வரவேற்புச் சான்றிதழ் ஒன்றைப் பெற்று உங்களுக்கு அனுப்ப வேண்டும். அது ஒரே நாளில் கிடைப்பதில்லை. மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தனியார் வீட்டில் தங்கும் வருகையாளர் உள்ளூரில் பதிவுசெய்ய வேண்டும் என்று கேட்கும் நாடுகளும் உள்ளன.

வேலை செய்யலாமா? விசா விலக்கு சுற்றுலா, குடும்பச் சந்திப்பு, வர்த்தகக் கூட்டம், மாநாடு, குறுகியகாலப் படிப்பு போன்றவற்றுக்குத்தான். சம்பளத்துக்கு வேலை செய்வதற்கான விதிகளை ஒவ்வொரு நாடும் தானே வகுக்கிறது. பெரும்பாலும் தனி அனுமதி தேவைப்படும். ‘கஃபேல ரெண்டு வாரம் வேலை பார்த்துச் செலவைச் சமாளிச்சிக்கலாம்’ என்ற திட்டம் இருந்தால் கைவிடுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு வேறு கடப்பிதழ் இருந்தால்?

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இது அடிக்கடி வரும் நிலை. பிள்ளைகள் சிங்கப்பூரர்கள், அம்மா இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. ‘அம்மா இங்கேதான் 20 வருஷமா இருக்காங்க, பிஆர்தானே’ என்று எல்லாருக்கும் சேர்த்து விமானச்சீட்டு வாங்கிவிடாதீர்கள். விசா விலக்கு குடியுரிமையைப் பொறுத்தது, வசிக்கும் நாட்டைப் பொறுத்தது அல்ல. இந்திய, இலங்கைக் கடப்பிதழ் வைத்திருப்போருக்கு ஷெங்கன் விசா தேவை. மலேசியக் கடப்பிதழுக்கு விலக்கு உண்டு.

விசா எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• எங்கே விண்ணப்பிப்பது: அதிக நாள் தங்கும் நாட்டிடம். நாள்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டிடம்.
• எப்போது: பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில நேரங்களில் 45 நாள் வரை ஆகலாம். ஜூன், டிசம்பர் விடுமுறைகளில் விண்ணப்ப நேரம் கிடைப்பதே சிரமமாக இருக்கலாம்.
• கட்டணம்: 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி.
• காப்புறுதி: குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்புறுதி கட்டாயம்.

விசா கைக்கு வந்ததும் ஒட்டுவில்லையை நன்றாகப் படியுங்கள். ‘செல்லுபடியாகும் தேதிகள்’ ஒன்று, ‘தங்கக்கூடிய நாள்கள்’ வேறொன்று. தேதி 30 நாள் இடைவெளியைக் காட்டினாலும், தங்கும் நாள்கள் 15 என்று இருந்தால் 15 நாள்தான்.

அடுத்து, ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று பாருங்கள். ஒருமுறை நுழைவு விசாவில் பாரிஸிலிருந்து லண்டன் போய்விட்டால், மறுபடியும் ரோமுக்குள் நுழைய முடியாது. பிள்ளைகள் எல்லைக்கு அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம் என்று நிற்க நேரிடும். லண்டனுக்கும் அம்மாவுக்குத் தனியாக பிரிட்டிஷ் விசா தேவை என்பதையும் மறக்க வேண்டாம். கூடவே, நிரந்தரவாசிகள் தங்கள் மறுநுழைவு அனுமதி செல்லுபடியாகிறதா என்று புறப்படும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

விசா மறுக்கப்பட்டால், காரணம் குறிப்பிட்ட படிவம் தரப்படும். மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு.

90 நாள் போதாது என்றால்?

ஒரு பருவத்துக்கு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் போகிறீர்கள், வேலைப் பயிற்சிக்கு 5 மாதம் போகிறீர்கள் என்றால் விசா விலக்கை நம்பிப் போகக் கூடாது. அந்தந்த நாட்டின் நீண்டகால விசாவோ வசிப்பு அனுமதியோ எடுக்க வேண்டும். அதற்கான ஏற்பாடுகளை மாதக்கணக்கில் முன்னரே தொடங்குங்கள்.

வசிப்பு அனுமதியிலோ நீண்டகால விசாவிலோ கழித்த நாள்கள் 90/180 கணக்கில் சேராது. நெதர்லந்தில் வசிப்பு அனுமதியோடு படிப்பவர், மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு எந்த 180 நாளிலும் 90 நாள் வரை போய்வரலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். படிப்பு முடிந்து, அனுமதியும் காலாவதியான பிறகு அப்படியே சுற்றுப்பயணியாகத் தொடர நினைத்தால், அந்த நாட்டின் குடிநுழைவு அலுவலகத்திடம் முதலில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வசிப்பு அட்டையின் நகலையும் வைத்திருங்கள். நீங்கள் சட்டப்படி அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

நாள் தாண்டிப்போனால் என்ன ஆகும்?

அது எந்த நாட்டில் தெரியவருகிறது, எத்தனை நாள் கூடியது, காரணம் என்ன என்பதைப் பொறுத்தது. அபராதம் விதிக்கப்படலாம். வெளியேறும்படி உத்தரவு வரலாம். நுழைவுத் தடையும் வரலாம், அது வழக்கமாக 5 ஆண்டு வரை நீளக்கூடும். ஒரு நாடு விதிக்கும் தடை ஷெங்கனின் பொதுத் தகவல் கட்டமைப்பில் ஏறிவிட்டால், மற்ற நாடுகளுக்கும் அது தெரியும். இத்தாலியில் நடந்தது ஸ்வீடனிலும் உங்களைத் தடுக்கும். பிற்காலத்தில் அங்கே மேற்படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போதும் அது கேள்வியாக வரலாம்.

வேண்டுமென்றே தாண்டுவது வேறு, தவிர்க்க முடியாமல் தாண்டுவது வேறு. மருத்துவமனையில் சேர்ந்துவிட்டீர்கள், எரிமலைச் சாம்பலாலோ வேலைநிறுத்தத்தாலோ விமானங்கள் நின்றுவிட்டன என்றால் என்ன செய்வது?

• 90ஆம் நாள் முடிவதற்கு முன்பே உள்ளூர்க் குடிநுழைவு அலுவலகத்தையோ காவல்துறையையோ அணுகுங்கள். எதிர்பாரா நிகழ்வு, மனிதாபிமானக் காரணம் ஆகியவற்றுக்காகக் காலத்தை நீட்டிக்க விதிகளில் இடம் உண்டு.
• மருத்துவச் சான்றிதழ், ரத்தான விமானச்சீட்டு, விமான நிறுவனத்தின் செய்தி எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள்.
• சிங்கப்பூரர்கள் அருகிலுள்ள தூதரகத்தையோ வெளியுறவு அமைச்சையோ தொடர்புகொள்ளலாம். அவர்கள் ஆலோசனை சொல்வார்கள், ஆனால் இன்னொரு நாட்டின் குடிநுழைவு முடிவை மாற்ற அவர்களால் முடியாது.

சீட்டு வாங்கும் முன் 7 கேள்விகள்

1. பட்டியலில் உள்ள நாடுகளில் எவை ஷெங்கன், எவை இல்லை?
2. கடந்த 180 நாளில் ஏற்கெனவே ஷெங்கனில் எத்தனை நாள் இருந்தேன்?
3. நுழையும் நாளையும் வெளியேறும் நாளையும் சேர்த்து எண்ணினேனா?
4. திரும்பும் நாளுக்கு முன் சில நாள் கையிருப்பு வைத்திருக்கிறேனா? 90ஆம் நாளில் விமானச்சீட்டு வாங்கினால், ஒரு விமானம் ரத்தானாலே வரம்பு தாண்டிவிடும்.
5. கடப்பிதழ் திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்லுமா? 6 மாதம் இருந்தால் இன்னும் நிம்மதி.
6. உடன் வரும் ஒவ்வொருவரின் கடப்பிதழும் எந்த நாட்டுடையது?
7. எட்டியாஸ், பிரிட்டனின் இடிஏ இரண்டும் என் பயணத் தேதியில் தேவையா என்று அதிகாரத்துவத் தளத்தில் பார்த்தேனா?

கட்டணங்களும் தொடக்கத் தேதிகளும் மாறக்கூடியவை. சீட்டுக்குப் பணம் கட்டும் நாளில் ஒருமுறை, புறப்படுவதற்கு முந்தைய வாரம் இன்னொரு முறை, போகும் நாட்டின் தூதரகத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.